ரேணிகுண்டா கோல்கீப்பரின் பெயர்

அன்புள்ள காஞ்சனாவுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

இந்த ஹாக்கி அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை நிலைக்க ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள் அல்லவா? மாதம் முழுக்கப் பழைய ஆட்டக் குறிப்புகளைத்தான் படித்தேன். நேற்று கடைசி நாள். மேலாளர் என் கூடவே நடந்து வந்தார்.

பார்க்க வந்தவர்களில் வயதான ஒரு அம்மா, கோல்கீப்பர் படம் ஒன்றின் முன் நின்றுவிட்டார்.

"இது எங்க வூட்டுக்காரரு கருப்பன். ரேணிகுண்டா ரயில்வேல இருந்தாரு. வேற பேரு போட்டுக்கீறாங்களே!"

மேலாளருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவை நகரச் சொல் என்றார். ஆனாலும் அந்தப் படம் எடுத்த ஆட்டத்தின் குறிப்பில் கோல்கீப்பர் பெயர் கருப்பன் என்றுதான் படித்திருந்தேன்.

"பெயர்ப்பலகைதான் தப்பு சார்" என்று மேலாளரிடம் அவர் மொழியில் சொன்னேன்.

முகம் சிவக்க என்னிடமிருந்த குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். கடைசியில் கருப்பன் பெயரை அதில் பார்த்துவிட்டு அவரே பலகையைக் கழற்றினார். வேலையும் நிலைத்துவிட்டது, பயப்படாதே.

"நீ எந்த ஊருப்பா?" என்றார் அந்த அம்மா. நகரி என்றேன். ஒரு மாதமாக நம் பேச்சை யாரும் நேரில் பேசிக் கேட்கவில்லை. அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. இனி நான் பேசும்போது போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. கூட்டம் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்
கிஷோர்