பக்கத்து வீட்டுப் படத்தில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன், சளிகூட இல்லை.

நேற்று ஒரு கூத்து. வங்கியில் கடன் கேட்பவர்களின் வீட்டை மதிப்பீட்டாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதும் அறிக்கையை, இங்கே அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சரிபார்ப்பதுதானே என் வேலை? நேற்று நம் பக்கத்து வீட்டு அறிக்கையே எனக்கு வந்துவிட்டது! வாசல் படத்தைப் பெரிதாக்கினால், ஓரத்தில் நம் கேட்டைப் பிடித்தபடி நீ. இன்னொரு கையில் கைத்தடி.

தெரிந்தவர்கள் வீட்டு அறிக்கையை நான் சரிபார்க்கக் கூடாது என்பது விதி. மேலாளருக்கு ஃபோன் செய்தேன்.

"சொந்தக்காரங்க வீடாம்மா?"

"இல்ல சார். ஓரத்துல நிக்கிறது எங்கம்மா."

"அம்மாவைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பும்மா, வேற ஆளுக்குக் கொடுத்துக்கறேன். அவசரமில்ல" என்றார். வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஓடியாடி வேலை செய்வதாக ஃபோனில் சொன்னாயே! கோபமில்லை அம்மா. நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகத்தான் உன்னிடம் சொல்கிறேன்.

குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கச் சொல். வழுக்காத செருப்பு வாங்கிக்கொள். கைத்தடியோடேயே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதையாவது நான் யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்