கயிற்றில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

டிசம்பர் 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கடல் பழுப்பு நிறம். தீவுக்குப் படகு நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. பிப்ரவரி கடைசி வரை எனக்கும் வேலை இல்லை. மழைக்காலத்தில் மெர்சிங் ஊர்ப் படகுக்காரன் வேலை, கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது.

பத்து மணிக்கு ஸ்டெல்லா அக்கா குடையோடு வந்தார். கோயில் கமிட்டி விஷயம். பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தை அலமாரியிலிருந்து எடுத்தால் முழுக்கப் பூஞ்சணம், எலி கடித்தது வேறு. புதுசு வாங்கப் போவதில்லையாம். மரம், நட்சத்திரம், குடில், பிள்ளைகளுக்குப் பரிசு, எல்லாமே இந்த வருஷம் கரையில் ஒதுங்குகிற சாமானில்தான்.

"கயிறு, வலை எல்லாம் உனக்குத்தான் தெரியும், ஜோசப்."

"இந்த மாதிரி வேலையெல்லாம் ரீட்டாதான் அழகா செய்வா அக்கா."

"ரீட்டா இங்க இல்லையே லா."

இல்லைதான். என் மனைவிக்குச் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் லாண்ட்ரியில் வேலை. ஜனவரி வந்தால் இரண்டு வருஷம். கடைசியாக வந்தது கல்லறைத் திருநாளுக்கு, இரண்டு நாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது, ஹோட்டல் நிறைய ஆள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடவே வேண்டாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன வேலை.

9, செவ்வாய்

காலை மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் கரையோரம் ஒரு நடை. கிடைத்தவை:

கயிறு, பச்சையும் நீலமும், இரண்டு கோணி நிறைய
வெள்ளைக் கயிறு ஒரு சுருள், மிருதுவானது, நல்ல நிலையில்
மிதவை 11
மூங்கில் 6
பிளாஸ்டிக் பாட்டில், எண்ணவில்லை
பூபு 1 (மீன் பிடிக்கிற கம்பிக்கூண்டு, ஒரு பக்கம் நசுங்கியது)
செருப்பு 23. அதில் இடது கால் 19. வலது காலெல்லாம் எந்தக் கரைக்குப் போனதோ.

4 மணிக்கு ரீ. போன். டீ குடிக்கிற நேரம் அவளுக்கு. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம், ரீட்டா."

பின்னால் லாண்ட்ரி மெஷின் சத்தம்.

"சரி," என்றாள். "சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். அப்போது சாப்பிடவில்லை.

11, வியாழன்

மூங்கிலை மூன்று காலாக நிறுத்தி உச்சியில் கட்டி, கீழிருந்து மேலாகக் கயிற்றைச் சுற்ற வேண்டும். என் உயரத்துக்கு ஒரு முழம் கூட. சாயலில் மரம்தான். பச்சைக் கயிறு போதும், உச்சிக்கு மட்டும் நீலம்.

ஆனால் நாற்றம். ஒட்டுச்சிப்பி, பாசி, செத்த நண்டு. ஸ்டெல்லா அக்கா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அலமாக்! பூசைக்கு வர்றவங்க மீன் மார்க்கெட்டுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவாங்க!"

சிப்பியைக் கத்தியால் சுரண்டினேன். சோப்புத்தூள், எலுமிச்சை, நான்கு தண்ணீரில் அலசல். காயப் போட வெயில் எங்கே? ஹால் முழுக்கக் கொடி கட்டி, இரண்டு ஃபேனையும் போட்டு, கயிற்றுக்கு நடுவில் குனிந்து குனிந்து நடக்கிறேன். ரீ. பார்த்தால் கொன்றுவிடுவாள்.

பார்த்தால்.

13, சனி

செருப்பை வெட்டி நட்சத்திரம், மீன், மணி. நன்றாக வெட்ட வருகிறது. சிவப்புச் செருப்பு எல்லாம் நட்சத்திரம். ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பில் கோத்தாயிற்று. 64 உருப்படி. பிள்ளைகளுக்குப் பரிசு மிதவையில் செய்த பம்பரம், பாட்டில் மூடியில் சக்கரம் வைத்த படகு. பேக்கிங் பழைய காலண்டர் தாள்.

போனில் ரீ.: "என்ன அங்க அவ்வளவு சத்தம்?"

"ஃபேன்."

"ரெண்டும் போட்டிருக்கீங்களா? மழையிலயா?"

கயிறு காய்கிறது என்றேன். சிரித்தாள். கையெழுத்து விஷயம் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. லாண்ட்ரியில் தரை எந்நேரமும் ஈரமாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று பாதம் ஊறிப் போகிறதாம். புகாராகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அந்த வெள்ளைக் கயிறு. மரத்துக்கு வேண்டாம் என்று எடுத்து வைத்தேன்.

16, செவ்வாய்

அந்த வெள்ளைக் கயிற்றில், கால் வைத்து நிற்க ஒரு பாய் பின்னுகிறேன். படகு ஓரத்தில் தொங்கவிடப் பின்னுகிற அதே பின்னல், இன்னும் நெருக்கமாக. தண்ணீர் கீழே இறங்கிவிடும், பாதம் மேலே நிற்கும். முதல் தடவை கோணல், பிரித்தேன். இரண்டாவது தடவையும். விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

பக்கத்து வீட்டு பாக் டின் வலையைத் தூக்கிக்கொண்டு வந்து கூட உட்கார்ந்தார். யாருக்கு என்று மலாயில் கேட்டார். மனைவிக்கு என்றேன். எப்போது வருகிறாள்? தெரியாது. தலையாட்டிவிட்டு வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

18, வியாழன்

பால் டின்னில் ஆணியால் ஓட்டை குத்தினால் உள்ளே மெழுகுவர்த்தி வைத்து விளக்காக்கலாம். டின் நசுங்காமல் இருக்க வழி: தண்ணீர் ஊற்றி ஐஸாக்கி, அப்புறம் குத்துவது. ஃப்ரீஸரில் மீனை எடுத்துவிட்டு 12 டின். அந்த மீனை மூன்று வேளையும் தின்கிறேன்.

ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. அவள் முதல் தடவை கிளம்பின அன்று, பஸ் ஸ்டாண்டில். பெட்டி ஏற்றியாயிற்று. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி, "போகட்டுமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன்? உன் இஷ்டம்.

அவளைக் கட்டிப்போடாத புருஷன் நான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மற்றவர்கள் மாதிரி அதிகாரம் செய்கிற ஆள் இல்லை என்று. ஆனால் அவள் கேட்டது அனுமதியா? படியில் நின்று எவ்வளவு நேரம் என் முகத்தையே பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். போகாதே என்றோ வா என்றோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

4 மணிக்கு நானே அடித்தேன். எடுக்கவில்லை. பிஸி என்று பிறகு மெசேஜ்.

21, ஞாயிறு

சாமானெல்லாம் பாக் டின் லாரியில் கோயிலுக்கு. மரம் நின்றது. நசுங்கிய பூபுவை இரண்டாக வெட்டிக் குடில், மேலே தென்னை ஓலை. பழைய சுரூபங்கள் நல்லபடி இருந்தன, மாதாவுக்கு மட்டும் மூக்கில் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. நட்சத்திரம் பாட்டில் அடிப்பாகங்களை வெட்டிச் செய்தது. ஒரு காற்றில் விழுந்தது, மறுபடி கட்டினேன்.

எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி: "ரீட்டா வரலையா?"

ஸ்டெல்லா அக்கா கேட்டது வேறு. "வரச் சொல்லிக் கேட்டியா?"

"அவளுக்குத் தெரியாதா அக்கா?"

"எப்படித் தெரியும்? நீ வாயத் தொறந்தாதானே?"

கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை.

போனில் சொல்லலாம். மெஷின் சத்தத்துக்கு நடுவில், பத்து நிமிஷ பிரேக்கில், "என்ன? கேக்கல" என்பாள். நான் "ஒன்னுமில்ல" என்பேன். என்னை எனக்குத் தெரியாதா.

நேரில் போக வேண்டும்.

23, செவ்வாய்

பாய் முடிந்தது. நான்காவது தடவை சரியாக வந்தது. கீழே ஈரத் துண்டைப் போட்டு மேலே நின்று பார்த்தேன், கால் நனையவில்லை. அவளுடைய பழைய மஞ்சள் சாரோங்கில் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

பாஸ்போர்ட் தேதி இருக்கிறது. சிங்கப்பூர் நுழைவுப் படிவம் போனில் நிரப்ப வேண்டுமாம். ஸ்டெல்லா அக்கா நிரப்பிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே நிரப்பினார்.

24, புதன்

சாயங்காலம் ஏழு மணிப் பூசை. சாமியார் க்ளுவாங்கிலிருந்து வெள்ளத்தில் சுற்றி வந்து அரை மணி தாமதம். மின்விளக்கை அணைத்துவிட்டு டின் விளக்கு பன்னிரண்டையும் ஏற்றினோம். சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். செருப்பு நட்சத்திரங்கள் காற்றில் சுழன்றன. ஒரு கிழவர் மரத்தைத் தொட்டு, "இது கயிறா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாற்றம் இல்லை. கொஞ்சம் எலுமிச்சை வாசம்.

எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்து ரீ.க்கு அனுப்பினேன். பதில்: "ரொம்ப அழகு. நீங்களா செஞ்சீங்க?"

பாலனைக் குடிலில் வைக்கும்போது அழுகை வந்தது. பக்கத்தில் அவள் இடம் காலி. வேறு யாரோ பையை வைத்திருந்தார்கள்.

25, வியாழன். கிறிஸ்துமஸ்

காலை முதல் பஸ். ஜோகூர் பாருவுக்கு மூன்று மணி நேரம், வழியெல்லாம் மழை. சிங்கப்பூர்ப் பாலத்தில் கூட்டம். பரிசோதனையில் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். தமிழ் அதிகாரி.

"என்ன இது அண்ணே?"

"கால் வச்சு நிக்கிற பாய்."

"சிங்கப்பூர்ல கிடைக்காதா?"

"இது கிடைக்காது."

விட்டுவிட்டார்.

ஹோட்டல் பின்பக்கம், லாரி வந்து நிற்கிற இடம். காவல்காரரிடம் பெயர் சொல்லி அனுப்பினேன். மூன்றரைக்கு வந்தாள். நீலச் சட்டை, தலையில் வலைத்தொப்பி. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல. சும்மா வந்தேன்."

"மெர்சிங்ல இருந்து சும்மா வருவாங்களா?"

மூட்டையைக் கொடுத்தேன். சாரோங்கை அடையாளம் கண்டு ஒரு தடவை தடவினாள். பிரித்துத் தரையில் போட்டாள். ஷூவோடு நின்றாள். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு நின்றாள். பாதம் வெள்ளை வெளேரென்று சுருங்கி, விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. கல்லறைத் திருநாளுக்கு வந்தபோதுகூட நான் கவனிக்கவே இல்லை.

"நல்லா இருக்கா?"

"ம்." கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சொன்னேன். "வந்துடு, ரீட்டா."

"என்ன?"

"வீட்டுக்கு வந்துடு. கையெழுத்துப் போடாதே."

கண்ணைத் திறந்தாள். "திங்கக்கிழமையே போட்டுட்டேங்க."

லாரி ஒன்று பின்னால் வந்தது. இரண்டு பேரும் ஓரமாக நகர்ந்தோம். பாயை அவள் விடவில்லை, கையில் எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்குப் போன்ல கேட்டேனே. அப்ப இந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? நான் அங்க இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு ஒன்னுதான்னு நெனச்சுட்டேன்."

"ஒன்னு இல்ல."

"தெரியலையே எனக்கு."

"வீடு நல்லா இல்ல, ரீட்டா. நான் நல்லா இல்ல."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு பொட்டலம் ஃபிரைட் ரைஸ் கொண்டுவந்தாள். காலிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். கயிற்று மரம் எப்படி நிற்கிறது என்று கேட்டாள். சொன்னேன். மீனை எடுத்துவிட்டு டின்னை ஃப்ரீஸரில் வைத்ததைச் சொன்னதும், சோறு வாயில் இருக்கச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. முதுகில் தட்டினேன். எலும்பு தட்டுப்பட்டது.

கிறிஸ்துமஸ் என்று நாற்பது நிமிஷம் விட்டார்கள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் என்கிட்ட ஒன்னு கேட்டிருக்கீங்க. கேட்ட நேரத்தப் பாருங்க," என்றாள். கோபமா, இல்லையா, தெரியவில்லை. போய்விட்டாள்.

26, வெள்ளி

நேற்று ஜோகூர் பாரு லார்க்கின் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் போய்விட்டது. பக்கத்தில் தம்போயில் தெரிந்த படகுக்காரன் வீட்டில் படுத்து, மதியம் மெர்சிங். உடம்பெல்லாம் வலி.

போனது வீணா? இல்லை. பத்து நாள் முன்னால் போயிருக்க வேண்டும். இந்த இரண்டும் மனசில் மாறி மாறி.

27, சனி

போன் இல்லை. மிதவைப் பம்பரம் இரண்டு உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். ஒட்டிக் கொடுத்தேன்.

28, ஞாயிறு

பூசை முடிந்து வீடு வருவதற்குள் ரீ. போன். பாய் மேல் நின்றுதான் பேசுகிறாளாம். பக்கத்து மெஷின் சீனப் பெண் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாளாம்.

பிறகு சொன்னாள். சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்டாலும் ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தால் விடுவார்களாம். சீனப் பெருநாள் முடிகிற வரை ஆள் பற்றாது, அதுவரை போகக் கூடாதாம்.

"எழுதிக் கொடுப்பியா?"

"யோசிக்கிறேன். எனக்கும் இங்க நாலு பேரு இருக்காங்க. ஒரு வாழ்க்கை ஆயிடுச்சு. உடனே சொல்ல முடியாது."

"சரி."

உன் இஷ்டம் என்று நாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

"அன்னிக்குச் சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க."

"வந்துடு."

மெஷின் சத்தம். பின்னால் யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கும் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

29, திங்கள்

பாக் டின்னுக்கு வலை இழுக்க ஒரு கை கொடுத்தேன். பிடரியில் சுளுக்கு. 4 மணிக்கு ரீ.க்கு நானே அடித்தேன். சொன்னேன்.