கணினிக்குள் விழித்த கணினி

கடலில் இருக்கும் என் அன்பானவருக்கு,

இங்கே நாங்கள் சுகம். சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது. அடுத்த துறைமுகத்தில் இது கைக்கு வரும்போது நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பார்வையற்றோர் பள்ளி அச்சகத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. என் கணினியில் நீங்கள் இரண்டு இயங்குதளங்களைப் போட்டுக் கொடுத்தீர்களே, ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். கேள்வித்தாள் வருவது புதியதில். அதைப் பிரெயில் புள்ளிகளாக்கும் மென்பொருள் ஓடுவது பழையதில் மட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அணைத்து அணைத்துப் போடுவேன். புதன்கிழமை ஏதோ அப்டேட் ஆனது. அதன்பின் அது கேட்பதே இல்லை, நேராகப் புதியதற்குள் போய்விடுகிறது. திங்கட்கிழமை நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு இறுதித் தேர்வு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் டீச்சரைக் கூப்பிட்டேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஓடிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பழையது அழியவில்லை, வாசல்தான் அடைபட்டிருக்கிறது என்றார். திறந்து கொடுத்தாலும் அடுத்த அப்டேட் மறுபடி அடைக்கும் என்று சொல்லி, பழையதை அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்தார். ஒரு பகல் முழுக்க ஆனது. பிறகு புதியதில் ஒரு ஜன்னலைத் திறந்து, அதற்குள் அதை ஓடவிட்டார்.

நம்புவீர்களா? கறுப்புத் திரை, பழைய வரவேற்பு இசை, நீங்கள் வைத்த மலைப்படம். ஒரு முழுக் கணினி இன்னொன்றின் வயிற்றுக்குள் கண் விழித்தது.

"உள்ள இருக்கிறதுக்கு, தான் உள்ள இருக்கோம்னே தெரியாதுக்கா," என்றார் டீச்சர். "தனி கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கிட்டு அது பாட்டுக்கு ஓடும்."

நினைவகத்தை இரண்டும் பங்குபோடுவதால் வேகம் கொஞ்சம் மட்டு. பிரெயில் பிரிண்டரை உள்ளே இருப்பதோடு இணைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். ஆனால் இங்கே திருத்தினால் அங்கே உடனே புள்ளி. சனிக்கிழமை மதியம் கடைசித் தாள் வந்தது. டீச்சர் விரலால் தடவி, பதினாறாம் கேள்வியில் ஒரு புள்ளி குறைகிறது என்றார். நான் பார்த்துச் சரி என்று விட்ட தாள் அது.

என் பார்வையைப் பற்றிக் கண் மருத்துவர் சொன்னதை அன்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டவில்லை. தினம் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிரெயிலில் ஒன்பது எழுத்து விரலுக்கு வந்துவிட்டது.

மற்றதை நேரில் சொல்கிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் என்று தெரியும். முடிந்தால் முன்னதாகவே வாருங்கள். பகல் வெளிச்சத்தில் வந்து இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் மனைவி