இரும்பு கிட்ட வந்த பிறகு

அளம்பில்,
முல்லைத்தீவு.

அன்பு மகள் பிரியந்தினிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அப்பா, நான், தம்பி றஜித் எல்லாரும் சுகம். நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன், முடிக்கும்வரை அந்த நல்ல மனம் நிற்குமோ தெரியாது. போனில் கதைத்தால் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால் எழுதி, றஜித்தைக் கொண்டு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவிக்கிறேன். வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் மோசம், அவன் வள்ளம் இறக்காமல் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருக்கிறான். தண்ணீரூற்றில் இருக்கிற சித்தி வீடு திருத்தி முடித்துவிட்டாள், உன்னைக் கேட்டாள். நல்ல வேலை கிடைத்திருக்கு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

போன பாஸ்காத் திருநாளுக்கு வந்து நின்றபோது குசினிக்குள் இருந்து மீன் வெட்டிக்கொண்டே உன் ஆராய்ச்சியை எங்களுக்கு விளங்கப்படுத்தினாயே, நினைவிருக்கிறதா? காந்தக் குணமும் மின்குணமும் ஒரே பொருளுக்குள் சேர்ந்திருப்பது அரிது, நாங்கள் செய்கிற பொருளில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும், காந்தம் அசைந்தால் மின் பக்கமும் அசையும், மின் பக்கத்தைத் திருப்பினால் காந்தமும் திரும்பும் என்றாய். உங்களையும் அப்பாவையும் போல, ஒத்துப்போகாது, ஆனால் ஒராள் திரும்பினால் மற்ற ஆளும் திரும்பும் என்று சிரித்தாய். அதை நகத்தளவு துணுக்காக்கிக் கருவிக்குள் வைத்தால் இரும்பு கிட்ட வந்ததுமே மின்சாரம் காட்டிக் கொடுக்கும் என்றபோது அப்பா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். நிலத்துக்குள் கிடக்கிற மிதிவெடியையும் காட்டுமோ என்று கேட்டார். ஒரு நாளைக்குக் காட்டும் அப்பா என்றாய். மீளக் குடியேறி வந்த வருசம் எங்கள் தென்னங்காணியில் மிதிவெடிக்குக் காலைக் கொடுத்த மனிசன், அந்த ஒரு சொல்லுக்காக, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு முதற்பாட்டில் வலையில் பட்ட மீனை நேர்ந்து, பொய்க்காலோடு தானே சுமந்துகொண்டு போய்க் கோவில் வாசலில் வைத்தார். பங்குச் சுவாமி பூசையில் உன் பெயரை வாசித்தார். வெடி தேடுகிற கருவி செய்கிற எங்கள் பிள்ளைக்காக என்று ஊரே முழங்காலில் நின்று மன்றாடியது.

இப்போது நீ சேரப்போகிற கொம்பனி என்ன செய்கிறது? கடல் பாதுகாப்பு என்று மழுப்பினாய். றஜித் அவர்களுடைய இணையப் பக்கத்தையே போனில் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினான். கடலுக்கு அடியில் கிடந்து, மேலே போகிற கப்பலின் இரும்பை உணர்ந்து வெடிக்கிற கண்ணி. அதற்குள் வைக்கத்தான் உன் துணுக்கு வேண்டுமாம். உடனேயே உனக்குப் போன் எடுத்தேன். கேட்டதற்கு நீ சொன்ன மறுமொழி இருக்கிறதே, அதை நினைக்க நினைக்கப் பத்தி எரிகிறது. "நான் துணுக்கு மட்டும்தான் அம்மா செய்யிறன், அதை எங்க பூட்டுறது எண்டது அவையின்ர வேலை." எவ்வளவு சுகமான கதை! உன் அப்பாவின் காலை எடுத்த வெடியைச் செய்தவனும் அவனுடைய தாய்க்கு இதைத்தானே சொல்லியிருப்பான். பெரிய கப்பலுக்குத்தான், சின்ன வள்ளத்துக்கு இல்லை என்றும் சொன்னாய். அப்பா மிதித்த வெடியும் அப்பாவுக்கென்று வைத்தது இல்லை, பிள்ளை. சண்டை முடிந்தது அதற்குத் தெரியாது, தேங்காய் பொறுக்க வந்த மனிசன் என்றும் தெரியாது. மீன்பிடிகாரன் வீட்டில் பிறந்து, கடலுக்கடியில் கண்ணி வைக்கிறவனோடு சேர உனக்கு எப்படி மனம் வந்தது? விசா முடிகிறது, வேறு வேலை இல்லை என்கிறாய். வேலை இல்லாவிட்டால் ஊருக்கு வா. உன் படிப்பைக் குறை சொல்லவில்லை, அந்தப் பொருளை நீ செய்து முடிக்க வேண்டும் என்று இப்போதும் ஆசைதான். ஆனால் அந்தக் கொம்பனிக்குக் கையெழுத்துப் போட்டாயோ, கோவிலில் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே. அங்கே பனி கொட்டுகிறதாம், காதை மூடிக்கொண்டு போ, தலைக்கு எண்ணெய் வை. செபமாலையைத் தலைமாட்டில் வைத்துப் படு. உன் மேல் கோபம் இருக்கிறது, வெறுப்பு ஒரு பொட்டும் இல்லை.

ஒன்றை மறக்காதே. அப்பாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு வேலை சரிவந்துவிட்டது என்று மட்டும் அவருக்குத் தெரியும், அதற்கும் நேர்த்தி வைத்திருக்கிறார். அவருடைய முகம் மாறுவதைப் பார்க்க என்னால் ஏலாது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, உன் அழைப்புக்காக இருப்பார். கையெழுத்துப் போடத்தான் போகிறாய் என்றால், அதற்கு முதல் அவரோடு கதைத்துவிடு. இரும்பு கிட்ட வந்தால் மின்சாரம் வரும் என்று அன்றைக்கு அவருக்குச் சொன்னாயே, வந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் உன் வாயாலேயே சொல்லு.

அந்தோனியார் உன்னைக் காப்பாற்றுவாராக.

உன் அம்மா,
யா. புனிதம்