மரப்பு ஊசியும் மாரப்பன் காலும்

1986 மார்ச் 4

மைக்ரோஸ்கோப்புக்குப் புது பல்பு வந்துவிட்டது. நாலு மாதமாகக் கேட்டது. காலை முழுக்க சளி ஸ்லைடு பார்த்தும் கண் வலிக்கவில்லை.

மதியம் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து, டிரைவரை நம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். மாரப்பன், நல்லம்பள்ளிக்காரர், முப்பது வயதிருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ஹீமோகுளோபின் ஐந்தரைதான். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இவ்வளவு ரத்தம் போனவருக்கு முழு மயக்கம் கொடுக்கப் பயந்து, டாக்டர் வெங்கடாசலம் காலில் மட்டும் மரப்பு ஊசி போட்டுச் சுத்தம் செய்தார்.

மார்ச் 6

மாரப்பன் கஞ்சி குடித்தார். ரத்தம் எடுக்கப் போனேன். "இருக்கறதே கொஞ்சம், அதையும் எடுக்கறீங்களே" என்று சிரித்தார்.

மார்ச் 10

புண்ணில் சீழ். தினமும் கட்டு மாற்றும்போது, வலி தெரியாமலிருக்கப் புண்ணைச் சுற்றியே மரப்பு ஊசி போடுகிறார்கள்.

வெள்ளை அணுக்களை எண்ணினேன். மூவாயிரத்து நூறு. சீழ் வைத்த உடம்பில் ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது. மூன்று தடவை எண்ணியும் அதேதான்.

மார்ச் 11

மாரப்பன் காலை எடுக்கணுமாம். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பாங்களாம். கேட்டதிலிருந்து எனக்கு ஒண்ணும் ஓடல. அந்த எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தது நான்தானே?

அவர் மனைவி ராமக்காள் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். "டாக்டரம்மா, கால் போச்சுன்னா எப்படிங்க வண்டி ஓட்டுவாரு? வேற தொழில் தெரியாதுங்களே."

நான் டாக்டர் இல்லை, ரத்தம் பார்க்கிறவள். பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

சாயங்காலம் டாக்டர் ஒரு பழைய மருத்துவ இதழோடு வந்தார். மரப்பு மருந்து, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் புண்ணில் போய் ஒட்டுவதையும் நகர்வதையும் மந்தமாக்குகிறது என்று அதில் இருந்தது.

"ரத்தம் போன உடம்புல ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி கம்மி. அந்தப் புண்ணுலயே தினமும் இதைத் தேக்கி வெக்கறோம். தப்பு பண்றோமோ, ஜுபைதா?"

"தெரியலீங்க சார். பார்த்துடலாம்."

மார்ச் 12

என் விரலையே குத்திக்கொண்டேன். ஒரு ஸ்லைடுக் கண்ணாடியில் ரத்தத்தோடு மரப்பு மருந்து ஒரு சொட்டு. இன்னொன்றில் அதே அளவு உப்பு நீர். இரண்டையும் உடம்புச் சூட்டில் வைத்துக் கழுவி, சாயம் போட்டு, ஒட்டியிருந்த வெள்ளை அணுக்களை எண்ணினேன். உப்பு நீரில் அறுபத்தொன்று. மருந்தில் இருபத்திரண்டு.

டாக்டரும் குனிந்து எண்ணினார். நிமிர நேரமாயிற்று.

"கண்ணாடியில நடக்கறது ஆளுக்குள்ள அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாதும்மா."

"அப்ப ஊசியை நிறுத்திடலாமா சார்?"

"வலியில துடிக்கற உடம்பும் தேறாது. புண்ணுல வேண்டாம். தொடையில நரம்புக்குப் பக்கத்துல போடலாம். உடம்புல கொஞ்சம் கலக்கும்தான், ஆனா புண்ணுல தேங்காது. இன்னும் ரெண்டு பாட்டில் ரத்தமும் வேணும்."

லாரி நிற்கும் இடத்துக்கு ஆள் அனுப்பினோம். ஏழு டிரைவர்கள் வந்தார்கள். நாலு பேர் ரத்தம் பொருந்தியது!

மார்ச் 13

தொடையில் ஊசி. கட்டு மாற்றும்போது மாரப்பன் கத்தவில்லை. எண்ணிக்கை மூவாயிரத்து நானூறு. ஏறுகிறதா, இல்லை என் கைப்பிழையா?

மார்ச் 14

விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்து என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். "ஆஸ்பத்திரியில ரத்தத்துக்கா பஞ்சம்? நம்ம வூட்டு ரத்தம்தான் கெடைச்சுதா?" என்று கேலி பண்ணினார். ஆனால் பிரியாணிக்கு வெங்காயம் அரிந்து கொடுத்தவர் இந்தக் கரீம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அரிந்தார்.

மார்ச் 15

சனிக்கிழமை. எண்ணிக்கை ஐயாயிரத்து இருநூறு. சீழ் பாதியாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் காலை எடுப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

மார்ச் 24

புண்ணில் ரோஜா நிறத்தில் புதுச் சதை. ராமக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எதுங்க சார் காப்பாத்துச்சு?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ரத்தமா, ஊசி எடத்தை மாத்தினதா, சீழுக்குக் குடுத்த மருந்தா, இல்ல அவரு உடம்பேதானா... ஒரு ஆளை வெச்சு எப்படிம்மா சொல்றது?"

உண்மைதான். தெரியாததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன் — இனி வருகிற ஒவ்வொருவருக்கும் ஊசி எந்த இடத்தில், அணுக்கள் எத்தனை என்று எழுத. நூறு பேர் சேரட்டும்.

அக்டோபர் 8

நோட்டில் பதினேழு பேர் ஆகிவிட்டார்கள்.

இன்று கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனை. வரிசையில் ராமக்காள், ஐந்தாம் மாதம். பக்கத்தில் சீட்டைப் பிடித்தபடி மாரப்பன். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறார், அவ்வளவுதான். நாற்காலி போடச் சொன்னேன்.

"வேண்டாங்க மேடம்," என்றார். "நிக்கறதே நல்லா இருக்குதுங்க."