பச்சைக் காயைப் பறித்தது யார்

தம்பி,

உன் நாவல் மறுபடி அச்சாகிறதாம். சரிபார்க்கும் தாள்கள் சென்ற வாரம் தபாலில் வந்தன. உறையைப் பிரித்ததும் மை வாசனை. நீ முதல் பிரதியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த நாளிலும் இதே வாசனைதான். கூடவே பதிப்பகத்தாரின் கடிதம்: உங்கள் குடும்பக் கதைதான் இது என்று உங்கள் தம்பி சொல்லுவார், அக்காவாக நீங்கள் முன்னுரை எழுத வேண்டும் என்று.

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவள். உன் பழைய பாடப்புத்தகங்களை வைத்து நானே எழுத்துக்கூட்டிக் கற்றேன். எழுத வரும். எதை எழுதுவது என்பதுதான் சிக்கல்.

ஏழாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். எஸ்டேட் மேஸ்திரி தன் பெண்டாட்டி பறித்த காப்பிப் பழத்தை எல்லோர் முன்னாலும் கொட்டுகிறான். சிவப்புக்கு நடுவே பச்சைக் காய். அவளை வேலையை விட்டுத் துரத்துகிறான். படிக்கிறவர்களுக்கு அந்த ஆளைக் காறித் துப்பத் தோன்றும். அந்த ஆள் நம் அப்பா.

நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பழம் அளக்குமுன் சாக்கைக் கவிழ்த்துப் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. காய் கலந்திருந்தால் பறித்தவருக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. அன்று பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்து நின்றாய். உனக்கு ஒன்பது வயது.

“காயைப் பறிச்சது யாரு?” என்றார் அப்பா.

“நானுங்க,” என்றாள் அம்மா.

“அப்ப ஊட்டுக்குப் போ. ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராத.”

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். “மேஸ்திரி பொண்டாட்டிக்கே இந்தக் கதின்னா, நாம காயக் கனவுலயும் பாக்கக் கூடாதுங்க.”

நீ பார்த்தது அவ்வளவுதான். அம்மாவும் நானும் ஒரே சாக்கில் பறித்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் நிரப்பிவிடலாம் என்று கிளையோடு உருவிப் போட்டவள் நான். அப்பா கேட்டதும் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையை அழுத்தினாள். “பேசாத இரு கண்ணு. உன்னப் பொண்ணு கேட்டவங்க நிக்கறாங்க.” செம்மநத்தத்து மாப்பிள்ளையின் அத்தை அந்த வரிசையில்தான் இருந்தாள். தை பிறந்ததும் அவருக்கே என்னைக் கொடுத்தார்கள்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு உன் நாவலை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த அத்தியாயம் முடிந்ததும், “பையன் பாத்தத எழுதியிருக்கான், உடு,” என்றார். பிறகு, “உங்கம்மா கை காயத் தொடாதுன்னு எனக்குத் தெரியாதா சாமி,” என்றார். அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் போன பிறகு நீ வந்தபோது உன்னோடு சண்டை போட்டேன். “அப்பன ஊருக்கே பொல்லாதவனாக்கிட்டியே.” நீ கோபப்படவில்லை. “கண்ணால பாத்தத எழுதுனனுங்க்கா. நான் பாக்காதது ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க,” என்றாய். பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் இருந்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ கிளம்பிவிட்டாய்.

இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை, நீயும் இல்லை. முன்னுரையை எழுதிவிட்டேன். ‘இந்த நாவலில் வரும் பச்சைக் காயைப் பறித்தவள் நான்’ என்பது முதல் வரி. மகன் படித்துவிட்டு, “இந்த வயசுல எதுக்குங்கம்மா இது, கதைதானுங்களே,” என்றான்.

“கதைதான். மூக்கும் முழியும் எங்கப்பனோடது,” என்றேன். இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று.

அதனால் உன் மேல் உள்ள கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. அப்பா இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு சாயங்காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாய். அக்கா ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று கதை எழுதுகிற உனக்குத் தோன்றவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.