நோன்பு விடுமுறையில் எழுதப்பட்டதாகச் சொல்லும் மூன்று தாள்கள்

அனுப்புநர்:
அச்சிமுகம்மது றாபியா,
சுனாமி வீட்டுத் திட்டம், வீட்டிலக்கம் 42,
சாய்ந்தமருது.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கல்முனை.

விடயம்: தரம் நான்கில் கற்கும் என் மகள் மசூர் சில்மியாவின் மாணவர் கோவையிலுள்ள பொய்ப் பதிவுகளை நீக்கி, அவளை வாசிப்பு மேலதிக வகுப்பில் சேர்த்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தைப் பார்ப்பதற்கென்று இவ்வருடம் எங்கள் பாடசாலையில் பிள்ளைக்கு ஒரு நீல மட்டைக் கோவை வைத்தார்கள். பிள்ளை தன் கையால் எழுதியது மட்டுமே திகதியுடன் அதில் இருக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். நல்ல காரியம் என்று துஆச் செய்தேன்.

2. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கலியாணத்துக்குப் பிறகு எழுத்துக்கூட்டி நானாகவே படித்தேன். ஆகையால் தினமும் அஸர் தொழுகைக்குப் பின் மகளை வாசிக்க வைத்து, எங்கே தடக்குகிறாள் என்று ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். இன்றுவரை அவளால் ஒரு பந்தியைத் தனியே வாசிக்க முடியாது.

3. கடந்த 28ஆம் திகதி வெளியூர்க் குழுவினர் பார்வையிட வந்தபோது கோவைகளை மேசையில் பரப்பியிருந்தார்கள். மகளுடையதைத் திறந்தேன். செப்டெம்பர் 10, 17, 24 ஆகிய திகதிகளில் மூன்று தாள்கள் இருந்தன. அம்மாதம் முழுவதும் நோன்பு. பாடசாலைக் கதவு பூட்டியிருந்தது. ஒரு தாளில், "இன்று இடைவேளையில் தோழிகளுடன் சோறு சாப்பிட்டேன்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பக்கத்துப் பிள்ளைகளின் கோவைகளையும் புரட்டினேன். எல்லாரும் அன்று சோறு சாப்பிட்டிருக்கிறார்கள், ஒரே கையெழுத்தில். நோன்பு பிடித்த ஆசிரியைகள்தான் புதன்கிழமைகளை எண்ணித் திகதி போட்டு இதை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அருவருத்துப் போனது.

4. அம்மூன்றில் அடுத்த தாள் "எனது குடும்பம்". தனக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருப்பதாக அதில் மகள் எழுதியிருக்கிறாளாம். அவளுக்கு இருந்தது ஒரே நானா, என் மூத்த மகன் சரீப். ஒன்பது வயதில் சுனாமியில் போனவன். மகள் தன் கையால் நானாவைப் பற்றி நான்கு வரி எழுதி, ஜூன் 12ஆம் திகதி எனக்குக் காட்டிவிட்டுக் கோவையில் வைக்கக் கொண்டுபோனாள். அவள் தனியே எழுதிய முதல் வசனங்கள் அவைதான். என் கொப்பியில் குறித்திருக்கிறேன். அந்தத் தாள் கோவையில் இல்லை.

5. வகுப்பாசிரியையிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஓம் ராத்தா, நாங்கதான் எழுதின. வாறவங்க பார்க்கக்குள்ள உங்கட புள்ளட கோழிக் கிறுக்கலையா காட்டுற?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகளும் அங்கேதான் நின்றாள்.

6. சனிக்கிழமை மேலதிக வகுப்பில் சேர்க்குமாறு அதிபரிடம் போனேன். கோவையில் 'மிகத் திறமை' என்றிருப்பதால் இடம் தர முடியாது என்றார். வருகிற ஓகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை, ஐயா. வினாத்தாளை வாசிக்கத் தெரியாமல் போய் உட்காரப் போகிறவள் என் மகள், கோவை அல்ல. பிள்ளையின் படிப்பு அவர்கள் கையில் நம்பிக் கொடுத்த அமானிதம். அதில் பொய் எழுதிவிட்டு அதே கையால் அவர்கள் எப்படி நோன்பு திறந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

7. ஆகவே, தாங்கள் ஓர் உத்தியோகத்தரை அனுப்பி, என் மகளை நேரில் வாசிக்க வைத்துப் பார்த்து, அவளை அவ்வகுப்பில் சேர்க்க உத்தரவிட வேண்டும். அந்த மூன்று தாள்களையும் இல்லாத தம்பி தங்கையையும் கோவையிலிருந்து அகற்ற வேண்டும். ஜூன் 12ஆம் திகதித் தாள் குப்பையில் போகாமல் எங்காவது கிடந்தால் தேடித் தரச் சொல்ல வேண்டும். அந்த நான்கு வரியில் பதினொரு பிழைகள் இருந்தன. அவை என் மகள் விட்ட பிழைகள். எனக்கு அவை வேண்டும்.

தங்கள் நீதியை அல்லாஹ்வுக்கு அடுத்தபடியாக எதிர்பார்க்கும்,
அ. றாபியா

சாய்ந்தமருது
2008.11.03

இணைப்பு: என் கொப்பியின் ஜூன், செப்டெம்பர் மாதப் பக்கங்களின் பிரதி.